மரப்பொம்மைப் பையனை வைத்து 10 நிமிடப் பாட்டுப் படம்: ஆளைச் சின்னதாக்குவதும் லிப் சிங்க்கும்

சுண்டுவிரல் (கேள்வி)

வணக்கம். எல்லோருக்கும் தெரிந்த குழந்தைக் கதைப் பாத்திரத்தை எடுத்து, 'வோங்கா' (2023) மாதிரி குறும்பும் பாட்டுமாக ஒரு குடும்பப் படம் செய்வதாகத் திட்டம். நீளம் 10 நிமிடம். பாத்திரம் பினோக்கியோ: மரத்தில் செதுக்கிய, பொய் சொன்னால் மூக்கு வளரும் பையன். கையில் இருப்பவை: ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா ஒன்று, 24 எம்எம் லென்ஸ், எல்இடி விளக்கு நான்கு, ஒரு ஃபோன். கிராஃபிக்ஸ் செய்ய ஆள் கிடையாது.

தெரிய வேண்டியவை:

பினோக்கியோவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா? 10 நிமிடத்துக்கு எத்தனை பாட்டு தாங்கும்? சோதனைக்கு எடுத்ததில் பாட்டு ஆரம்பத்தில் வாயோடு ஒட்டி நிற்கிறது, மூன்றாவது நிமிடத்தில் பாட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஏன்? பினோக்கியோ, தச்சர் ஜெப்பெட்டோவின் மேசை மேல் நின்று பாட வேண்டும், ஆனால் நடிப்பவர் 170 செ.மீ. 'வோங்கா'வில் ஹியூ கிராண்டைக் கண்ணாடி ஜாடிக்குள் அடைக்கிற அளவுக்குச் சுருக்கினார்களே, அது கேமராவிலேயே முடியுமா? கடைசியாக, மூக்கு வளர்வதை எப்படிக் காட்டுவது?

---

பழையபதிப்பு

உரிமை பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

பினோக்கியோவை எழுதிய கார்லோ கொல்லோடி 1890-இல் இறந்தார். கதை 1881-இல் சிறுவர் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து 1883-இல் புத்தகமானது. மூலக்கதை பொதுச்சொத்து, யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் படித்த மொழிபெயர்ப்பு புதியது என்றால் அதன் வாக்கியங்கள் மொழிபெயர்ப்பாளருடையவை. வசனத்தை அதிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்.

பெரிய பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. நம் தலைக்குள் இருக்கும் பினோக்கியோ புத்தகத்துப் பினோக்கியோ இல்லை, 1940 டிஸ்னி படத்துப் பினோக்கியோ. மஞ்சள் தொப்பி, நீல வில் டை, வெள்ளைக் கையுறை எல்லாம் அந்தப் படத்தினுடையவை. பையனுக்குப் புத்தி சொல்லும் சிள்வண்டுக்கு ஜிமினி என்ற பெயரும் அப்படியே. புத்தகத்தில் சிள்வண்டுக்குப் பெயரே கிடையாது, நாலாம் அத்தியாயத்திலேயே பையன் சுத்தியலை வீசி அதைக் கொன்றுவிடுவான். அமெரிக்காவில் அந்தப் படத்துக்கு 2035 முடிய உரிமை உண்டு.

'வோங்கா'விலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஊம்பா லூம்பாக்களின் (ஹியூ கிராண்ட் நடித்த குட்டி மனிதர் இனம்) ஆரஞ்சுத் தோலும் பச்சை முடியும், வோங்காவைப் படைத்த ரோல்ட் டாலின் புத்தகத்தில் இல்லை, அதை வைத்து எடுத்த 1971 படத்தில் வந்தவை. 2023 படம் அதே தோற்றத்தை எடுத்தது, 1971 படத்தின் பாட்டுகளில் இரண்டை எடுத்தது. அவர்கள் கையில் உரிமை இருந்தது, செய்தார்கள். உங்களால் முடியாது. டால் 1990-இல் இறந்தவர், பிரிட்டனில் 2060 முடியும் வரை அவர் பாத்திரங்கள் பக்கம் போக வேண்டாம்.

உடைக்கு மூலத்துக்கே போங்கள், அது இன்னும் அழகு. எட்டாம் அத்தியாயத்தில் ஜெப்பெட்டோ கையில் காசில்லாமல் பூப்போட்ட காகிதத்தில் சட்டையும், மரப்பட்டையில் செருப்பும், ரொட்டியின் உள்சதையில் தொப்பியும் செய்து கொடுக்கிறார். டிஸ்னி வாசனையே இல்லாத தோற்றம் உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது. ஒரே தொல்லை, காகிதச் சட்டை சரசரக்கும். பாட்டுக் காட்சியில் ஒலி தனியாக வருவதால் கவலையில்லை. வசனக் காட்சிக்கு மட்டும், காகிதம் போலத் தெரியும் பருத்தித் துணியில் பூ அச்சிட்ட இன்னொரு சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

---

தத்தகாரம்

10 நிமிடத்தில் முழுப் பாட்டு இரண்டு, ஒவ்வொன்றும் 1:40-க்குள். கடைசியில் முதல் பாட்டின் பல்லவி மட்டும் 30 அல்லது 40 நொடி திரும்ப வரட்டும். மூன்றாவது முழுப் பாட்டு வைத்தால் கதைக்கு இடமிருக்காது.

பாட்டு ஆரம்பிக்கும்போது இருந்த நிலைமை பாட்டு முடியும்போது மாறியிருக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி: பாட்டை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கதை புரிகிறதென்றால் அந்தப் பாட்டு வேண்டாத பாட்டு. புத்தகத்திலேயே இரண்டு இடம் தயாராக இருக்கிறது. ஒன்று, மரக்கட்டையைச் செதுக்கச் செதுக்க அது குறும்பு செய்வது. முதல் முறை மூக்கு வளர்வது பொய் சொல்லி அல்ல, செதுக்கும்போதே வளர்கிறது. இன்னொன்று, ஜெப்பெட்டோ குளிரில் தன் மேல்கோட்டை விற்று அரிச்சுவடி வாங்கி வர, பையன் அந்த அரிச்சுவடியை விற்றுப் பொம்மலாட்டத்துக்குச் சீட்டு வாங்குவது. இந்த இரண்டாவது இடத்தை எடுத்தால் அப்பாவின் பாட்டில் கோட்டு போகிறது, பிள்ளையின் பாட்டில் புத்தகம் போகிறது. இரண்டுக்கும் ஒரே மெட்டு போட்டுப் பிள்ளையுடையதை வேகமாக்கினால் வசனமே தேவைப்படாது.

வேகத்தை ஃப்ரேமோடு பொருத்துங்கள். நொடிக்கு 24 ஃப்ரேமில் (ஃப்ரேம் என்பது ஒரு தனிப் படம்) எடுத்தால் 1440-ஐ பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்ற எண்ணால், வகுக்க வேண்டும், வருவது ஒரு தாளத்துக்கு எத்தனை ஃப்ரேம் என்பது. 120 என்றால் 12, 96 என்றால் 15, 90 என்றால் 16, 80 என்றால் 18. முழு எண் வரும் வேகத்தை எடுத்தால் எடிட்டில் வெட்டு ஒவ்வொன்றும் தாளத்தின் மேலேயே உட்காரும். அப்பாவுக்கு 80, பிள்ளைக்கு 120 என்று வைக்கலாம். 25 ஃப்ரேம் என்றால் 1500-ஐ வகுங்கள்: 75, 100, 125.

மெட்டு முதலில், வரி பிறகு. தத்தகாரம் (தத்தன, தான என்று மெட்டை மட்டும் பாடுவது) போட்டுக் குறில் நெடில் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுதினால்தான் நீட்டும் இடத்தில் நெடில் வரும். இதில் லிப் சிங்க் (வாயசைப்பு பாட்டோடு பொருந்துவது) கணக்கும் உண்டு. பார்ப்பவர் கண் பிடிப்பது ப, ம இரண்டையும்தான், ஏனென்றால் அங்கே உதடு மூடியாக வேண்டும். "பொம்மை பேசும், பொய்யும் பேசும்" மாதிரி வரியை க்ளோசப்பில் வைத்தால் இரண்டு ஃப்ரேம் தவறினாலும் மாட்டிக்கொள்வீர்கள். இத்தகைய வரிகளை வைடு ஷாட்டுக்கு ஒதுக்கி, க்ளோசப்புக்கு ஆ, ஓ வரும் நீளமான இடங்களைக் கொடுங்கள். மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் நிற்கட்டும். பாடகர் எட்டும் உச்சத்துக்கு வாயசைப்பவரின் கழுத்து நரம்பும் புடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரல் வேறெங்கோ இருந்து வருவது தெரிந்துவிடும்.

---

நாகராப்பெட்டி

லிப் சிங்க். முதலில் நோய் எது என்று பிரித்துப் பாருங்கள். பாட்டு முழுக்க ஒரே அளவு தள்ளி இருந்தால் அது ஒட்டிய இடத்தின் தவறு, நகர்த்தினால் தீர்ந்தது. உங்களுடையது போகப்போக விலகுகிறது, அதாவது இரண்டு கடிகாரங்கள் வேறு வேகத்தில் ஓடுகின்றன. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதல் சந்தேகம் கேமரா. மெனுவில் 24 என்று காட்டினாலும் பல கேமராக்கள் எடுப்பது 23.976. எடிட் டைம்லைனை (எடிட் மென்பொருளில் ஷாட்களை வரிசையாக அடுக்கும் பட்டி) 24-இல் வைத்து அதே ஃப்ரேம்களை ஓட்டினால் வித்தியாசம் 0.1 சதவீதம். 3 நிமிடப் பாட்டில் 0.18 நொடி, அதாவது நான்கு ஃப்ரேமுக்கும் மேல். தெளிவாகத் தெரியும். டைம்லைனைக் கிளிப்பின் உண்மையான வேகத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, ஃபோன். அதில் எடுத்த ஷாட் எதையாவது கலந்திருந்தால், ஃபோன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். எடிட்டுக்குள் போடும் முன் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றி எடுத்துவிட வேண்டும். உள்ளே போட்ட பிறகு சரிசெய்வது நரகம்.

செட்டில் செய்ய வேண்டியது:

பாட்டை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு முன்னால் 8 தாளம் "டிக்" சேருங்கள். 120 பிபிஎம்மில் அது 4 நொடி. நடிகர் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் கை காட்டத் தேவையில்லை. சரணத்தை மட்டும் எடுக்கும் ஷாட்டுக்கும் அதே கோப்பிலிருந்து வெட்டிய துண்டு, அதே 8 டிக்கோடு. ஆறு துண்டு செய்து பெயரிட்டு வைத்தால் நாள் முழுக்க ஓடும்.

ஒலிபெருக்கி கம்பி இணைப்புள்ளதாக இருக்கட்டும். புளூடூத் வேண்டாம், 0.1 முதல் 0.2 நொடி வரை தாமதமாகும்.

கேமராவின் சொந்த மைக்கை அணைக்காதீர்கள். அது பிடிக்கும் பாட்டுதான் எடிட்டில் ஒட்டுவதற்கு அடையாளம். பெருக்கியைக் கேமரா பக்கத்திலேயே வையுங்கள். 10 மீட்டர் தள்ளி வைத்தால் ஒலி வந்து சேரவே 0.03 நொடி ஆகிவிடும், கிட்டத்தட்ட முக்கால் ஃப்ரேம்.

நடிகரை வெறும் வாயசைக்க விடாதீர்கள். சத்தமாகப் பாட வேண்டும், சுருதி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை. தொண்டையும் மூச்சும் அசைவதைக் கேமரா பார்க்கிறது.

செட்டிலேயே நேரடியாகப் பாடிப் பதிவதும் உண்டு. 'லே மிசராப்ல்' (2012) அப்படித்தான்: நடிகர் காதுக்குள் சின்னக் கருவி, மறைவில் ஒருவர் பியானோ வாசிக்க, வாத்திய இசை பிற்பாடு சேர்ந்தது. சட்டை சரசரக்கும் மரப்பையனுக்கு இது சரிவராது.

---

முட்டுச்சந்து

மேலே உள்ளதில் ஒரு திருத்தம். புளூடூத் தாமதம் நிலையாக இருந்தால் அதனால் சிங்க் கெடாது. நடிகரும் தாமதமாகத்தான் கேட்கிறார், கேமரா மைக்கும் அதே தாமதத்தோடு பிடிக்கிறது, எடிட்டில் மைக் ஒலியை வைத்து ஒட்டும்போது இரண்டும் சேர்ந்தே நகரும். கெடுவது இரண்டு சந்தர்ப்பத்தில்: இணைப்பு விட்டுவிட்டு வந்து தாமதம் நடுவில் மாறினால், அல்லது ஒரு நடிகருக்குப் புளூடூத் காதுக்கருவி, மற்றவருக்குக் கம்பிப் பெருக்கி என்று இரண்டையும் கலந்தால். ஜெப்பெட்டோ முன்னால், பினோக்கியோ பின்னால் என்று தூரத்தில் நிற்கப்போவதால் இரண்டாவது தவறு நடக்க வாய்ப்பு அதிகம்.

---

லென்ஸ்மூடி

ஹியூ கிராண்ட் விஷயம்: முகபாவத்தைத் தலையில் மாட்டிய கேமராக்கள் பதிவு செய்தன, உருவத்தை ஃப்ரேம்ஸ்டோர் என்ற கிராஃபிக்ஸ் நிறுவனம் கணினியில் கட்டியது. அந்த வழி உங்களுக்கு இல்லை. தூரத்தை வைத்து ஏமாற்றும் பழைய வழி இருக்கிறது, அது கணக்குப் போட்டால் தவறாது.

தூரம் எத்தனை மடங்கோ, உருவம் அத்தனை பங்கு. ஜெப்பெட்டோ கேமராவிலிருந்து 2 மீட்டர், பினோக்கியோ 6 மீட்டர் என்றால் 170 செ.மீ. ஆள் ஜெப்பெட்டோ பக்கத்தில் 57 செ.மீ. ஆகத் தெரிவார். அவ்வளவு நீளமான அறை இல்லையென்றால் 120 செ.மீ. உயரப் பிள்ளையை நடிக்க வைத்து 4 மீட்டரில் நிறுத்துங்கள், 60 செ.மீ. வரும்.

மேசை மேல் நிற்பது போலக் காட்ட ஒரே விதி: லென்ஸின் நடுப்பகுதி மேசைப் பலகையின் உயரத்தில் இருக்க வேண்டும், பின்னால் நிற்பவரின் மேடையும் தரையிலிருந்து அதே உயரம். 75 செ.மீ. மேசை என்றால் லென்ஸ் 75, மேடை 75. அப்போது மேசைப் பலகை வெறும் கோடாகிவிடும், மேடையும் அதே கோட்டில் மறைந்துவிடும், பாதம் மேசையில் பதிந்தது போல இருக்கும். லென்ஸ் நாலு விரற்கடை மேலே போனாலும் பலகையின் பரப்பு தெரியும், பையன் அதற்கு அப்பால் மிதப்பான். தலை வெட்டுப்பட்டால் கேமராவை உயர்த்தாதீர்கள், மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். கோடு கோடாகவே இருக்கும். மேசைக்கு முன்பக்கம் தரை வரை துணி தொங்கவிட்டால் பின்மேடையின் கால்கள் மறையும்.

அடுத்தது ஃபோகஸ், பலரும் கோட்டை விடும் இடம். இருவரும் ஒரே கூர்மையில் தெரிந்தால்தான் கண் நம்பும். 24 எம்எம், எஃப்/2.8-இல் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) ஜெப்பெட்டோ மேல் ஃபோகஸ் வைத்தால் இரண்டரை மீட்டரைத் தாண்டியதெல்லாம் மங்கல். எஃப்/11 வைத்து 2.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.4 மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை கூர்மை. இதற்கான விலை வெளிச்சம்: 2.8-லிருந்து 11 என்றால் 16 மடங்கு வேண்டும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 400-லிருந்து 1600-க்கு ஏற்றினால் 4 மடங்கு. விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டு வந்தால் இன்னொரு 4 மடங்கு. கணக்கு சரியாகிவிட்டது, புதிய விளக்கு வாங்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் வைத்த விளக்கு பின்னால் இருப்பவரை எட்டாது, ஆகவே ஆளுக்கு இரண்டு. ஒரு வெள்ளை அட்டையை முதலில் இவர் முகத்தருகே, பிறகு அவர் முகத்தருகே பிடித்து, கேமராவில் இரண்டும் ஒரே அளவு காட்டும் வரை நகர்த்துங்கள்.

கேமராவை ட்ரைபாடில் பூட்டிவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தாலே குட்டு வெளிப்படும்.

---

சுண்டுவிரல்

2 மீட்டர், 6 மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. அளவு அசல். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது போலவே இல்லை. பையன் சின்னவனாகத் தெரிவதற்குப் பதில் தூரத்தில் நிற்கும் பெரிய ஆளாகவே தெரிகிறான். அரிச்சுவடியை அப்பா கையிலிருந்து பிள்ளை வாங்க வேண்டும், அது எப்படி?

(சிங்க் சரியாகிவிட்டது. கேமரா 23.976-தான்.)

---

லென்ஸ்மூடி

பார்வை: இருவரும் உண்மையில் ஒருவரையொருவர் பார்த்தால் ஜெப்பெட்டோ பின்னால் திரும்புவார், பையன் முன்னால் பார்ப்பான். அதுதான் உங்களுக்குத் தவறாகத் தெரிகிறது. ஜெப்பெட்டோ தன் பக்கவாட்டில், பையன் நிற்பதாகத் தெரியும் இடத்தில் உள்ள வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு குச்சியில் டேப் ஒட்டி நிறுத்தி, ஒத்திகை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பையனும் அப்படியே பக்கவாட்டில் பார்க்க வேண்டும், கொஞ்சம் மேல்நோக்கி. அவனுக்குக் குறி சுவரில்.

சின்னவனாகத் தெரியவில்லை என்றால் அவன் பக்கத்தில் அளவு சொல்லும் பொருள் இல்லை என்று அர்த்தம். ஜெப்பெட்டோ கையில் 20 செ.மீ. உளி இருக்கிறதா? அதே உளியை 60 செ.மீ. நீளத்தில் அட்டையில் செய்து வண்ணம் அடித்துப் பையன் காலடியில் போடுங்கள். ஒரு பெரிய மரச்சுருள், ஒரு பெரிய ஆணி, போதும். மூன்று மடங்கு என்பதை மரத்தின் ரேகைக்கும் காட்டுங்கள். ரேகை அகலமாக இல்லாவிட்டால் அட்டை என்று கண் சொல்லிவிடும்.

நிழலையும் பாருங்கள். ஜெப்பெட்டோவின் நிழல் பையன் மேல் விழவே முடியாது. ஆகவே முக்கிய விளக்கு இருவருக்கும் ஒரே பக்கத்திலிருந்து, பையன் இருக்கும் பக்கத்திலிருந்து வரட்டும், அப்போது அவர் நிழல் மறுபக்கம் போய்விடும்.

அரிச்சுவடி இரண்டு செய்யுங்கள்: ஒன்று 12 செ.மீ., இன்னொன்று 36 செ.மீ., ஒரே அட்டைப்படம். மேசையில் இருவருக்கும் நடுவே ஒரு பசைப்பானை. ஜெப்பெட்டோ சின்னதைப் பானைக்குப் பின்னால் நீட்டுகிறார், ஒரு தாளம் இடைவெளி, பையன் பெரியதைப் பானைக்குப் பின்னாலிருந்து இழுக்கிறான். பின்மேடையில் பெரியது முன்பே படுத்திருக்கும். டிக் ஓடிக்கொண்டிருப்பதால் இருவருக்கும் கணக்குத் தவறாது. மூன்றாம் தாளத்தில் நீட்டல், ஐந்தில் இழுத்தல்.

மர அசைவு வேண்டுமென்றால் ஷட்டரை 1/200 நொடி வையுங்கள், அசைவு வெட்டிவெட்டித் தெரியும். மலிவான எல்இடி சில அந்த வேகத்தில் மினுங்கும், முன்பே ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அதோடு இன்னும் நான்கு மடங்கு வரை வெளிச்சம் கேட்கும். எஃப்/11 ஷாட்டில் அது கட்டுப்படியாகாது. தனி ஷாட்களுக்கு மட்டும்.

---

தத்தகாரம்

மூக்கை யாரும் தொடவில்லையே.

க்ளோசப்பில் எடுங்கள், தூர ஏமாற்று வேண்டாம். வரைபடத்தாளில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழல், ஒவ்வொன்றும் 6 செ.மீ. நுனிக் குழலின் உள்முனையில் நைலான் நூல் கட்டி, முகமூடிக்குள் விட்டுக் காதுக்குப் பின்னால் எடுத்துவிடுங்கள். மூக்கு முழு நீளத்தில் இருக்கும்போது ஷாட்டை ஆரம்பித்து, நூலை மெதுவாக இழுத்தால் உள்ளே போகும். எடிட்டில் பின்னோக்கி ஓட்டினால் வளரும். வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது வழுவழுப்பாக வரும், தள்ளினால் குழல் கோணிக்கொள்ளும். இணைப்பு விளிம்புகளில் மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசினால் கணு மாதிரி இருக்கும், ஆனால் விளிம்பை விட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் சிக்கும்.

பின்னோக்கி ஓடும் ஷாட்டில் வாயசைக்க முடியாது. அதனால் மூக்கு வளர்வதை இடையிசையில் வையுங்கள். 120 பிபிஎம்மில் 16 தாளம், 8 நொடி. தாளத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளரும், அது போதும். நூல் இழுப்பவர் அதே டிக்கைக் கேட்டுக்கொண்டே இழுக்கட்டும். கண் இமைப்பதை மட்டும் பையன் அடக்கிக்கொள்ள வேண்டும், பின்னோக்கி ஓடும்போது இமைப்பு விசித்திரமாக இருக்கும்.